ஆன்சன் உறுப்பினர்

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் தம் வாழ்நாளில் எட்டுத் தேர்தல்களில் நின்று இரண்டில் மட்டுமே வென்றார். வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினராகச் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் அவர் இருந்தது ஐந்து ஆண்டுகள். தோற்றவர்களில் அதிக வாக்கு பெற்றவர் என்ற முறையில் பின்னர் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் உட்கார்ந்தார். அமைச்சர் பதவியை எட்டிப் பார்த்ததில்லை. அவர் கொண்டுவந்து நிறைவேறிய சட்டம் என்று சொல்லவும் எதுவுமில்லை. ஆனாலும் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் அவருடைய பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவர் உள்ளே வந்த பிறகு அவையின் அமைப்பே மாறத் தொடங்கியது.

1926 ஜனவரி 5 அன்று யாழ்ப்பாணத்தில் பிறந்தார். வளர்ந்தது ஜோகூரில். பிரிட்டிஷ் மலாயாவின் அரசு அலுவலகங்களையும் ரயில்வேயையும் நம்பிக் கடல் கடந்த யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ஆள் எடுத்துக் கொண்டுவரப்பட்ட தமிழகத் தமிழர்களின் கதை வேறு. ஆங்கிலப் பள்ளி, அரசு வேலை, ஆங்கிலிக்கன் தேவாலயம் என்று போன இந்தக் குடும்பங்களின் கதை வேறு. வெளியுறவு அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினமும் இதே யாழ்ப்பாண வேரில் கிளைத்தவர்தான். ஒருவர் ஆளுங்கட்சியின் தூணானார், மற்றவர் அதன் தீராத தலைவலியானார்.

ஜெயரத்தினம் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சட்டம் படித்து, 1951இல் வழக்கறிஞராகி, அடுத்த ஆண்டு சிங்கப்பூர்ச் சட்டத்துறைப் பணியில் சேர்ந்தார். மாவட்ட நீதிபதி நிலைவரை உயர்ந்தவர், 1963இல் பதவியை விட்டுவிட்டுத் தனியாக வழக்காடத் தொடங்கினார். லண்டனில் பழகி மணந்த மார்கரெட் ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டு மகன்கள். கன்னத்தில் அடர்ந்து இறங்கும் கிருதாவும், நீதிமன்றத்தில் பழகிய உரத்த குரலும், பிரிட்டிஷ் பாணி ஆங்கிலமும் பிற்காலத்தில் தெருவில் போகும் யாருக்கும் அவரை அடையாளம் காட்டின.

1971இல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளரானார். 1957இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய கட்சி அது. அப்போது அது பேருக்குத்தான் உயிரோடு இருந்தது. 1968இலிருந்து ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சி நாடாளுமன்றத்தின் எல்லா இடங்களையும் ஒன்று விடாமல் வென்றுவந்தது. 1972இல் இந்தியர் வட்டாரமான தேக்காவை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதியில் ஜெயரத்தினம் முதன்முறையாக நின்று தோற்றார். 1976இல் கம்போங் சாய் சீயில் நாற்பது விழுக்காடு அளவுக்கு வாக்கு வாங்கித் தோற்றார். 1977 இடைத்தேர்தலில் ராடின் மாஸ், 1979 இடைத்தேர்தலில் தெலுக் பிளாங்கா, 1980 பொதுத்தேர்தலில் மறுபடியும் தெலுக் பிளாங்கா. கடைசியாகச் சொன்னதில் 47 விழுக்காட்டை நெருங்கினார். இதற்கிடையில் 1976 பிரசாரக் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் இயூ அவதூறு வழக்குத் தொடுத்தார். ஜெயரத்தினம் தோற்றார், இழப்பீடு 130,000 வெள்ளி, அதற்கு மேல் வழக்குச் செலவு. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயும் பலனில்லை. வீட்டை விற்க நேர்ந்தது. 1980இல் மனைவியும் காலமானார். ஐம்பத்தைந்து வயதில், ஐந்து தோல்விகளுக்குப் பிறகு, வேறு யாராக இருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள்.

1981 அக்டோபரில் ஆன்சன் தொகுதி காலியானது. அதன் உறுப்பினரும் தொழிற்சங்கத் தலைவருமான தேவன் நாயர் சிங்கப்பூர் அதிபராகப் பொறுப்பேற்றதே காரணம். ஆன்சன் என்பது தஞ்சோங் பகாரை ஒட்டிய துறைமுகப் பகுதி. இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் இடங்களுக்குப் பக்கத்தில் அன்று கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. பத்து மாதங்களுக்கு முன்பு நடந்த பொதுத்தேர்தலில் தேவன் நாயர் அங்கே 84.1 விழுக்காடு வாக்கு பெற்றிருந்தார். இடைத்தேர்தல் ஒரு சடங்கு என்றே ஆளுங்கட்சியில் பலர் நினைத்திருக்க வேண்டும்.

தொகுதிக்குள் நிலவரம் வேறாக இருந்தது. பிலேர் பிளெய்ன் என்ற இடத்தில் துறைமுக ஆணையத்தின் குடியிருப்பில் இருந்த தொழிலாளர்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்திருந்தது. சரக்குப் பெட்டகங்களுக்கு இடம் வேண்டியிருந்தது. மாற்று வீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டுமே என்ற கவலை அந்தக் குடும்பங்களுக்கு. பேருந்துக் கட்டணமும் ஏறியிருந்தது. மக்கள் செயல் கட்சி நிறுத்தியது பாங் கிம் ஹின் என்ற புதுமுகத்தை. தொகுதியோடு பழக்கமில்லாத, வசதியான குடும்பத்துப் பிள்ளை என்ற பேச்சு அவரைத் தொடர்ந்தது. ஜெயரத்தினமோ ஆன்சனுக்குப் புதியவர் என்றாலும் தேர்தலுக்குப் பழையவர்.

அக்டோபர் 31 இரவு முடிவு வந்தது. ஜெயரத்தினத்துக்கு 7,012 வாக்குகள், பாங் கிம் ஹின்னுக்கு 6,359, மூன்றாவதாக நின்ற ஹர்பன்ஸ் சிங்குக்கு 131. வித்தியாசம் 653. ஆளுங்கட்சியின் பங்கு ஒரு வருடத்துக்குள் 37 புள்ளிகள் சரிந்திருந்தது. சிங்கப்பூர் தனிநாடான பிறகு ஓர் எதிர்க்கட்சி வேட்பாளர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. சரியாக இருபது ஆண்டுகளுக்கு முன், 1961இல், பாட்டாளிக் கட்சியின் நிறுவனர் மார்ஷல் இடைத்தேர்தலில் வென்றதும் இதே ஆன்சனில்தான். மார்ஷல் ஒரு யூதர். ஜெயரத்தினம் ஒரு தமிழர். இருவரையும் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பின்னால் வரப்போகும் குழுத்தொகுதி விவாதத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

75 பேர் கொண்ட அவையில் ஒரே ஒருவர். எம்பிரஸ் பிளேசில் ஆற்றோரம் இருந்த பழைய நாடாளுமன்றக் கட்டடம் இன்று கலை இல்லம் ஆகிவிட்டது; அந்தச் சிறிய மண்டபத்தில் எல்லாக் கண்களும் எதிர்ப்புறம் இருந்த ஒருவர் மீதே. தீர்மானம் கொண்டுவந்தால் வழிமொழிய இன்னொருவர் வேண்டும். அவருக்கு அந்த இன்னொருவர் இல்லை. எஞ்சியது கேள்வி நேரமும் வரவுசெலவுத் திட்ட விவாதமும் ஒத்திவைப்புத் தீர்மானமும். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நீதித்துறையின் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம் என்று அவர் தொட்டவை பெரும்பாலும் உரிமை சார்ந்தவை. அவருடைய பாணியில் குறை காண இடமுண்டு. ஆதாரத்தைத் திரட்டி முடிக்கும் முன்பே குற்றச்சாட்டை எழுப்புகிறார் என்று அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், சில சமயம் அது சரியாகவும் இருந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஓர் அரசாங்கத்தைக் கொண்டுவருவதே எதிர்க்கட்சி உறுப்பினரின் முதல் வேலை. அந்த வேலை பதின்மூன்று ஆண்டுகளாக அந்த அவையில் நடக்கவில்லை.

1984இல் பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன் அரசாங்கம் அரசமைப்பைத் திருத்தித் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் என்ற புது வகையை உண்டாக்கியது. எதிர்க்கட்சியினர் எவரும் வெல்லாவிட்டால், அல்லது மிகச் சிலரே வென்றால், தோற்றவர்களில் அதிக வாக்கு பெற்றோருக்கு அவையில் இடம் தரலாம். ஆனால் அரசமைப்புத் திருத்தம், நிதி மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றில் அன்று அவர்கள் வாக்களிக்க முடியாமல் இருந்தது. பழைய அரசியல் மோதல்களைப் பார்க்காத இளம் உறுப்பினர்களுக்கும் வாக்காளர்களுக்கும் எதிர்க்கட்சி என்றால் என்னவென்று தெரிய வேண்டும் என்பது பிரதமர் சொன்ன காரணம். தோற்றாலும் எதிர்க்கட்சி உள்ளே இருக்கும், ஆகவே அதற்கு வாக்குப் போடத் தேவையில்லை என்று மக்களை நினைக்க வைக்கும் தந்திரம் இது என்பது எதிர்க்கட்சிகளின் வாதம். ஜெயரத்தினமும் திட்டத்தை எதிர்த்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் ஆன்சனை 56.8 விழுக்காட்டோடு தக்கவைத்தார்; போத்தோங் பாசிரில் சியாம் சீ டோங் வென்றார். தொகுதியில்லா இடம் பாட்டாளிக் கட்சியின் எம். பி. டி. நாயருக்குத் தரப்பட்டது. அவர் வேண்டாம் என்றார்.

இரண்டாவது வெற்றி நீடிக்கவில்லை. அதைக் கவிழ்த்த வழக்கின் மையத்தில் இருந்த தொகை 2,600 வெள்ளி. 1972இல் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் மீது பாட்டாளிக் கட்சி போட்ட அவதூறு வழக்கு தோற்று, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கட்சி கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கடன் தீராமல் கிடந்தபோது கட்சிக்கு வந்த மூன்று நன்கொடைக் காசோலைகளை (200, 400, 2,000 வெள்ளி) கட்சிக் கணக்கில் சேர்க்காமல் திருப்பிவிட்டுக் கடன்காரருக்குக் கிடைக்காமல் செய்தார்கள், கணக்கறிக்கையில் பொய் உறுதிமொழி கொடுத்தார்கள் என்று ஜெயரத்தினம் மீதும் கட்சித் தலைவர் வோங் ஹோங் டாய் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. 1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ, ஒன்றைத் தவிர எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் இருவரையும் விடுவித்தார். அந்த ஒன்றுக்கு ஆளுக்கு 1,000 வெள்ளி அபராதம். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. மறுவிசாரணை நடந்து வேறொரு நீதிபதி மூன்று மாதச் சிறை விதித்தார். 1986 நவம்பரில் உயர் நீதிமன்றம் சிறையை ஒரு மாதமாகக் குறைத்து, 5,000 வெள்ளி அபராதத்தைச் சேர்த்தது.

பார்க்கப்போனால் தண்டனை குறைந்ததுதான். ஆனால் அன்றைய சிங்கப்பூர் அரசமைப்பின்படி ஓர் உறுப்பினரின் இடம் பறிபோக ஓராண்டுச் சிறையோ 2,000 வெள்ளி அபராதமோ போதுமாக இருந்தது. ஒரு மாதச் சிறை ஜெயரத்தினத்தின் இடத்தைத் தொட்டிருக்காது. 5,000 வெள்ளி தொட்டது. இடம் போனதோடு ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கும் தகுதியும் போனது. அந்த அபராத வரம்பு 2022இல் 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2025இல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளராக இருந்த பிரித்தம் சிங்குக்கு நீதிமன்றம் இரண்டு குற்றங்களுக்குத் தலா 7,000 வெள்ளி அபராதம் விதித்தும் அவர் உறுப்பினராகத் தொடர முடிந்தது இதனால்தான்.

மைக்கேல் கூ தீர்ப்பு சொன்ன சில மாதங்களில் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். அரசாங்கம் கீழ் நீதிமன்றங்களில் தலையிடுகிறதா என்று ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் கேட்டார். 1986இல் நீதிபதி டி. எஸ். சின்னத்துரை தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. தலையீடு எதுவும் இல்லை, மாற்றல் வழக்கமானதே என்று அது முடிவு சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்ற உரிமைச் சட்டமும் திருத்தப்பட்டு, அவையின் உரிமையை மீறும் உறுப்பினருக்கு 50,000 வெள்ளிவரை அபராதம் விதிக்க வழி வந்தது.

1987இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. இங்கே கதை ஒரு விநோதமான திருப்பம் எடுக்கிறது. குற்றவியல் தீர்ப்பை எதிர்த்து லண்டன் போக அவருக்கு வழியில்லை. வழக்கறிஞர் தொழிலிலிருந்து நீக்கியதை எதிர்த்துப் போகலாம். போனார். 1988 அக்டோபரில் பிரிவி கவுன்சில் அவரைப் பட்டியலில் மீண்டும் சேர்க்கச் சொன்னதோடு நிற்கவில்லை. நீக்கத்துக்கு அடிப்படையான குற்றத் தீர்ப்பையே புரட்டிப் பார்த்து, ஜெயரத்தினமும் வோங்கும் செய்யாத குற்றத்துக்காக அபராதமும் சிறையும் அவமானமும் அடைந்தார்கள், இது பெரும் அநீதி என்று எழுதியது. ஆனால் குற்றத் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் அதற்கு இந்த மேல்முறையீட்டில் இல்லை. அதிபரிடம் மன்னிப்புக் கோரிய மனு, அமைச்சரவையின் ஆலோசனைப்படி நிராகரிக்கப்பட்டது. சட்டப்படி குற்றவாளி, லண்டன் நீதிபதிகளின் கண்ணில் நிரபராதி என்ற இரட்டை நிலையிலேயே அவர் மிச்ச வாழ்நாளைக் கழித்தார். பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழிகள் 1989இல் சுருக்கப்பட்டு, 1994இல் முழுக்க மூடப்பட்டன.

அதற்குள் ஆன்சனும் மறைந்துவிட்டது. 1986இல் காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1988இல் தொகுதிகளின் எல்லை திருத்தப்பட்டபோது ஆன்சன் என்ற தொகுதியே நீக்கப்பட்டது. அதே ஆண்டு குழுத்தொகுதி முறை வந்தது. தொடக்கத்தில் மூவர் அணியாக நிற்க வேண்டியிருந்தது, அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். சீன வாக்காளர்கள் சீன வேட்பாளரையே விரும்பும் போக்கு வளர்கிறது, மலாய்க்காரர்களும் இந்தியர்களும் அவையில் இல்லாமல் போகக் கூடாது என்பது அரசாங்கத்தின் விளக்கம். அந்தக் கவலையை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் சிறுபான்மையினர் ஒருவர் சீனர் பெருவாரியாக உள்ள தொகுதியில் தனியாக நின்று, ஆளுங்கட்சியின் சீன வேட்பாளரை இருமுறை தோற்கடித்த உதாரணம் அப்போதுதான் கண்முன் நடந்து முடிந்திருந்தது. அணி சேர்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடிய சிறு கட்சிகளுக்குக் குழுத்தொகுதி பெரிய சுவர். தகுதியிழப்புக் காலம் 1991 நவம்பரில் முடிந்தது. பொதுத்தேர்தல் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.

1988 பிரசாரக் கூட்டத்தில் பேசியதற்காகப் பிரதமர் லீ குவான் இயூ தொடுத்த இன்னொரு அவதூறு வழக்கில் 260,000 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. 1997 ஜனவரியில், எழுபத்தோராவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, செங் சான் குழுத்தொகுதியில் ஐவர் அணியோடு நின்று 45 விழுக்காடு வாக்கு பெற்றுத் தோற்றார். தோற்றவர்களில் அதுவே அதிகம். தொகுதியில்லா இடம் தேடி வந்தது; தாம் எதிர்த்த திட்டத்தின் நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். கொள்கை தளர்ந்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. மேடை இல்லாமல் பத்தாண்டு இருந்தவர் கிடைத்த மேடையை விடவில்லை என்றும் சொல்லலாம். அந்தத் தேர்தலின் கடைசிப் பொதுக்கூட்டத்தில், சக வேட்பாளர் டாங் லியாங் ஹோங் காவல்துறையில் கொடுத்த புகாரைப் பற்றி அவர் பேசிய ஒரு வாக்கியத்துக்காகப் பிரதமர் கோ சோக் டோங் வழக்குத் தொடுத்தார். இழப்பீடு முதலில் 20,000 வெள்ளி, மேல்முறையீட்டில் 100,000.

ஆனால் அவரை அவையிலிருந்து கடைசியாக வெளியேற்றிய வழக்கு பிரதமர்களோடு சம்பந்தப்பட்டதல்ல. அது தமிழ் தொடர்பானது. 1995இல் பாட்டாளிக் கட்சியின் செய்தி ஏடான 'ஹேமர்' தமிழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சிங்கப்பூரில் நடந்த தமிழ் மொழி வாரத்தின் ஏற்பாட்டாளர்களை அது கடுமையாகச் சாடியது. எழுதியவர் ஜெயரத்தினம் அல்ல. ஏட்டின் ஆசிரியர் என்ற பொறுப்பு அவருடையது. ஆளுங்கட்சியின் இந்திய அரசியல்வாதிகள் ஒரு பக்கம், ஏற்பாட்டுக் குழுவினர் இன்னொரு பக்கம் வழக்குத் தொடர்ந்தனர். ஏற்பாட்டுக் குழுவினருக்கு 265,000 வெள்ளி இழப்பீடும் வழக்குச் செலவும் தர வேண்டும் என்று தீர்ப்பானது. தவணை முறையில் கட்டிக்கொண்டு வந்தவர் ஒரு தவணையை நாள் தவறிக் கட்டினார். 2001 ஜனவரியில் அவர் நொடித்துப்போனவர் என நீதிமன்றம் அறிவித்தது. மேல்முறையீடு ஜூலையில் தள்ளுபடியானது. நொடித்துப்போனவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது; வழக்காடவும் முடியாது. தேசிய அரசியலின் பெரிய மோதல்களைத் தாண்டி வந்தவரை, தேக்கா வட்டாரத்தில் நாலு பேர் கூடிப் பேசும் ஒரு தமிழ்ச் சமூகச் சச்சரவு வீழ்த்தியது. அந்த அக்டோபரில் பாட்டாளிக் கட்சியையும் விட்டு விலகினார். கட்சி அதற்கு முன்பே லோ தியா கியாங் கைக்குப் போயிருந்தது.

அதன் பிறகு அவரைப் பார்க்க நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை, நடைபாதைக்குப் போனால் போதும். கடைத்தொகுதிகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் வெளியே புத்தகக் கட்டோடு நின்று, தம் நாடாளுமன்றப் பேச்சுகளின் தொகுப்பையும், தம் மீதான வழக்குகளைப் பற்றி 2003இல் எழுதிய நூலையும் தாமே விற்றார். சிலர் நின்று பேசினார்கள். சிலர் பார்க்காததுபோல் நடையை எட்டிப் போட்டார்கள். 2007 மே மாதம் ஏறத்தாழ 233,000 வெள்ளி கட்டி நொடிப்பு நிலையிலிருந்து வெளியே வந்தார். 81 வயதில் மறுபடியும் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் போனார்.

2008இல் சீர்திருத்தக் கட்சி என்ற புதிய கட்சியைப் பதிவு செய்து, அடுத்த பொதுத்தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். செப்டம்பர் 30 காலையில் மாரடைப்பால் இறந்தார். கட்சியின் தலைமைப் பொறுப்பை 2009இல் மூத்த மகன் கென்னத் ஏற்று, 2011இல் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். அதே தேர்தலில் பாட்டாளிக் கட்சி அல்ஜுனிட்டில் வென்றது. ஒரு குழுத்தொகுதியை எதிர்க்கட்சி கைப்பற்றியது அதுவே முதல் தடவை. வழக்கறிஞரும் நாவலாசிரியருமான இளைய மகன் பிலிப் அரசியலுக்கு வரவில்லை. 2021இல் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார்.